ரவுட்டரின் மின்செலவு: எந்த மீட்டர் சரியாகச் சொல்லும்?

அடாப்டரில் உள்ள "12 வோல்ட், 1.5 ஆம்பியர்" என்பதைப் பெருக்கி, ரவுட்டர் 18 வாட் இழுக்கிறது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அடாப்டர் தரக்கூடிய உச்சம். ரவுட்டர் பாதிகூட எடுக்காமல் இருக்கலாம். ஆனால் ராப்பகலாக ஓடும் சாதனம் இது. 10 வாட் என்றாலே ஈபி கணக்கின் இரண்டு மாதத்துக்கு 14.4 யூனிட். ஃபைபர் மோடம், சுவிட்ச், இன்னொரு வைஃபை பெட்டி என்று சேர்ந்தால் அளந்தே தீர வேண்டும்.

வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது. முழு வயரையும் கவ்வினால் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம் காட்டும். ஒரு கம்பியை மட்டும் கவ்வினாலும் கணக்கு தப்பும். சின்ன அடாப்டர்களின் திறன் காரணி, அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டின் பங்கு, 0.5 அளவில்தான் இருக்கும். 8 வாட் ரவுட்டர் 230 வோல்ட்டில் சுமார் 70 மில்லி ஆம்பியர் எடுக்கும். பெருக்கினால் 16 வரும். அது விஏ (வோல்ட்-ஆம்பியர்), வாட் அல்ல. ஈபி பில் வாட்டுக்குத்தான்.

ஈபி மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கு செலவில்லாத வழி. மீட்டரில் 3200 துடிப்புக்கு ஒரு யூனிட் என்று இருந்தால், 10 வாட்டுக்கு ஒரு மினுக்கல் வர 112 விநாடி ஆகும். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எண்ண வேண்டும். மிகச் சிறிய சுமையை மீட்டர் எண்ணாமலே விடலாம்.

உண்மையான போட்டி, வைஃபையில் இணைந்து ஆப்பில் இயங்கும் ஸ்மார்ட் பிளக்குக்கும் பிளக்கில் செருகும் வாட் மீட்டருக்கும். மணிவாரி வரைபடம் வேண்டுமென்றால் ஸ்மார்ட் பிளக். ஆனால் 16 ஆம்பியருக்கு என்று செய்த பிளக் 5 வாட்டில் தடுமாறும். தானும் ஒரு வாட் அளவில் எடுக்கும். அதைப் பெரும்பாலும் கணக்கில் காட்டாது. கை தவறி ஆஃப் செய்தால் ரவுட்டரோடு வைஃபையும் போய்விடும். பிறகு ஆப்பிலிருந்து ஆன் செய்ய முடியாது, நேரில் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும்.

எங்கள் தேர்வு வாட் மீட்டர். அந்த நொடியின் வாட்டைப் பார்த்து எழுதாமல், பூஜ்யமாக்கி 72 மணி நேரம் விடுங்கள். பல மீட்டர்களில் திரை 0.01 யூனிட் படியாகத்தான் நகரும். 8 வாட்டுக்கு ஒரு நாளில் 0.19 வரும், மூன்று நாளில் 0.58 வரும். நாள் கூடக் கூட அந்தப் படியால் வரும் பிழை தேயும். சுமை மிகச் சிறியதென்றால் எல்லா அடாப்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு மொத்தமாக அளக்கலாம். அல்லது 40 வாட் குண்டு பல்பை உடன் எரியவிட்டு, பல்பு மட்டும் காட்டும் அளவைக் கழிக்கலாம். வோல்டேஜ் ஆடினால் பல்பின் வாட்டும் ஆடும் என்பதால் அடுத்தடுத்து நாலைந்து முறை மாற்றி மாற்றி எடுங்கள்.

அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே செருகும் டிசி மீட்டரில் அடாப்டரின் இழப்பு தெரியாது, பில்லுக்கு ஆகாது. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அணைத்தால் எவ்வளவு குறைகிறது என்பதை அறிய இதுவே மேல். 5.5 மி.மீ. பின் பொருந்துகிறதா, நடுமுனை பாசிட்டிவா என்று முதலில் பாருங்கள்.

மினி யுபிஎஸ் இருந்தால் வாட் மீட்டரை அதற்கு முன்னால், சுவர்ப் பக்கம் வையுங்கள். கரண்ட் போய் வந்த உடனே அளந்தால் பேட்டரி சார்ஜாகும் மின்சாரமும் சேர்ந்துவிடும். முழுதாக ஏறிய பிறகே மீட்டரைப் பூஜ்யமாக்க வேண்டும்.