லிட்டில் பிக்ஹார்ன்: திரையில் கண்ட கஸ்டரும் நேரில் கண்டவர்களின் போரும்

1876 ஜூன் 25 அன்று, இன்றைய மொன்டானா மாநிலத்தில் ஓடும் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், லக்கோட்டா, ஷயென் என்னும் பழங்குடி மக்கள் திரளாகக் கூடாரமிட்டிருந்த குடியிருப்பை, அமெரிக்க ராணுவ அதிகாரி ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டரின் ஏழாவது குதிரைப்படை தாக்கியது. கஸ்டர் தம்முடன் அழைத்துச் சென்ற ஐந்து கம்பெனிகளில், கடைசிவரை அவரோடு நின்ற ஏறத்தாழ 210 பேரும் மாண்டனர். படைத் தரப்பில் சாட்சி சொல்ல எவரும் மிஞ்சாததால், அந்தக் கடைசிக் கட்டத்தை அவரவர் விருப்பப்படி எழுதவும் வரையவும் படமாக்கவும் வழி பிறந்தது.

எர்ரல் ஃபிளின் கஸ்டராக நடித்து 1941இல் வெளிவந்த 'தே டைட் வித் தேர் பூட்ஸ் ஆன்' அந்த வழியில் மிகத் தொலைவு சென்ற படம். பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியைப் பேராசைக்காரர்களிடமிருந்து பழங்குடியினருக்காகக் காக்க நினைப்பவராகவும், மற்றொரு படைப்பிரிவைக் காப்பாற்றத் தெரிந்தே உயிரைக் கொடுப்பவராகவும் அதில் கஸ்டர் வருகிறார். 1874இல் அதே மலைக்குள் படையுடன் சென்று, அங்கே தங்கம் இருக்கிறது என்ற செய்தியை உலகறியச் செய்த பயணத்தின் தலைவர் இதே கஸ்டர்தான் என்பதை அறிந்தவர்களால் இந்தத் திரிபை எளிதில் மன்னிக்க முடியாது. அந்தச் செய்தியைத் தொடர்ந்து மலையில் குவிந்த சுரங்கக்காரர்களே 1876ஆம் ஆண்டுப் போருக்கு முதன்மைக் காரணம்.

ஆர்தர் பென் இயக்கி 1970இல் வந்த 'லிட்டில் பிக் மேன்' இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. 1868இல் வாஷிட்டா ஆற்றங்கரையில் ஷயென் குடியிருப்பின் மீது கஸ்டர் நடத்திய தாக்குதலை அது கண்முன் நிறுத்துகிறது; வியட்நாம் போர்ச் செய்திகளை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கர்களுக்கு அந்தக் காட்சி எதை நினைவூட்டியது என்பதை விளக்க வேண்டியதில்லை. அறத்தின் பக்கம் நிற்கும் படம் இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இதில் கஸ்டர் கடைசியில் சித்தம் கலங்கிப் பிதற்றும் மனிதராகச் சுருங்கிவிடுகிறார். 1964இல் தாமஸ் பெர்கர் எழுதிய மூல நாவலோ, கஸ்டரை வெறுக்கும் கதைசொல்லியே இறுதியில் அவருடைய துணிவை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நிதானமாகப் பேசுகிறது. வீரராகக் காட்டினாலும் பித்தராகக் காட்டினாலும் தோல்வியின் காரணம் கஸ்டரின் மனத்துக்குள்தான் இருக்கிறது என்று இரு படங்களுமே நம்ப வைக்கின்றன. எதிரில் நின்று வென்றவர்களின் திறமைக்கு அங்கே உரிய இடமில்லை.

அந்த இடத்தைத் தருபவை நேரில் கண்டவர்களின் பதிவுகள். மின்னெகொன்ஜூ லக்கோட்டாத் தலைவரான ரெட் ஹார்ஸ், படை வந்தபோது தாம் சில பெண்களுடன் கூடாரங்களுக்குச் சற்றுத் தள்ளிக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்ததாகக் கூறினார். 1881இல் அவர் வரைந்த 42 சித்திரங்கள் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளன. விழுந்து கிடக்கும் குதிரைகளும் வீரர்களும் நிறைந்த அத்தாள்களில் தனியொரு நாயகன் இல்லை. ஷயென் வீரர் வுடன் லெக், மருத்துவர் தாமஸ் மார்க்விஸிடம் சைகை மொழியில் சொன்ன வாழ்க்கைக் கதை 1931இல் நூலானது. ஆற்றில் குளித்துவிட்டு மரநிழலில் கண்ணயர்ந்தவர் கூச்சல் கேட்டு விழித்து, அதன் பிறகே போருக்கு ஓடுகிறார். தம் குடும்பங்கள் இருந்த இடத்தைக் காக்கவே அவர்கள் போரிட்டார்கள் என்பதை இவ்வளவு தெளிவாக எந்தப் படமும் உணர்த்தவில்லை. ஆனால் படைவீரர்கள் பலர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டனர் என்று அந்த நூலில் வரும் கூற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தவர்களுக்கு அதை உறுதிப்படுத்தும் சான்று பெரிதாகக் கிட்டவில்லை.

1983இல் புல்வெளித் தீ போர்க்களத்தை வெறுமையாக்கிய பின் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் நடத்திய தொல்லியல் ஆய்வு, கஸ்டரும் வீரர்களும் ஒரு குன்றின் மேல் நின்று கடைசிவரை போரிடுவதாகப் படங்கள் கட்டியெழுப்பிய காட்சியையே அசைத்தது. தோட்டா உறைகளில் துப்பாக்கியின் சுடும் ஊசி பதித்த தடங்களைக் கொண்டு எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதை அவர்கள் பின்தொடர்ந்தனர். ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டுமே சுடும் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன்களை ஏந்திய படைக்கு எதிரே, ஹென்றி, வின்செஸ்டர் போன்ற தொடர்ச்சியாகச் சுடும் துப்பாக்கிகள் பல இருந்தன. குன்றின் மேல் நீண்ட நேரம் அணிவகுத்து நின்று போரிட்டதற்கான தடயம் குறைவு என்றும், படையின் ஒழுங்கு சிதறியே போர் முடிந்தது என்றும் ஃபாக்ஸ் வாதிட்டார். இது பழங்குடியினர் பலர் முன்பே சொல்லி, கேட்பாரின்றிக் கிடந்த சாட்சியத்தோடு ஒத்துப்போகிறது.

இந்தப் போரைப் புதிதாக அறிய விரும்புபவர் வுடன் லெக்கிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். அதை அடுத்து ஃபாக்ஸின் 1993ஆம் ஆண்டு நூலைப் படித்துவிட்டு 1970ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்கலாம். 1941ஆம் ஆண்டுப் படத்தை, கஸ்டரின் மனைவி எலிசபெத் 1933இல் மறையும்வரை தம் நூல்களாலும் உரைகளாலும் வளர்த்த கணவரின் புகழ் எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்கான ஆவணமாக மட்டும் பார்க்கலாம்.