தலைக்குள் ரத்தக்கசிவு: புதுச்சேரி நரம்பு அறுவை வார்டுக்கு ஐந்துக்கு நான்கு

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு நான்கு. எமர்ஜென்சிக்கும், ஐசியூ சிஸ்டர்களுக்கும், டாக்டர்களின் கைக்கும் முழு மதிப்பெண். வீட்டு ஆட்களிடம் விவரம் சொல்வதில் காட்டிய கஞ்சத்தனத்துக்கும் டிஸ்சார்ஜ் அன்று நடந்த கூத்துக்கும் சேர்த்து ஒன்றைக் குறைத்திருக்கிறேன். மருத்துவமனையின் பெயரைப் போடப்போவதில்லை. அக்காவுக்கு இன்னும் அங்கேதான் வைத்தியம் நடக்கிறது, தலையின் ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் அடுத்த ஆஞ்சியோவுக்கும் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். புதுச்சேரி டவுனில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். அந்த வார்டுக்கு எங்கள் குடும்பம் போவது இது முதல் தடவை இல்லை. முன்பு மாமனாருக்காகப் போனோம், இப்போது அக்காவுக்காக. இரண்டு பேருக்கும் தலைக்குள் ரத்தம்தான். ஆனால் அந்த இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மாமனார் விஷயம் மெதுவாக வந்தது. பாத்ரூம் கதவில் தலையை லேசாக இடித்துக்கொண்டார், வீக்கம்கூட இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு நடை தள்ளாடியது, பேச்சில் கோர்வை போனது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் வயசுக் கோளாறு என்றார்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்குமாம். அப்போது மூளைக்கும் அதன் மேல் உறைக்கும் நடுவே போகும் சின்னச் சின்ன சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசாக இடித்தாலே ஒன்று கிழிந்து, வாரக்கணக்கில் கசிந்து தேங்கும். டாக்டர்கள் சப்டியூரல் என்கிறார்கள். மண்டை ஓட்டில் இரண்டு துளை போட்டு அதை வடித்தார்கள். மாற்றாமல் விட்ட இன்ஜின் ஆயில் நிறத்தில் வந்தது என்று டாக்டரே சொன்னார். மாமனார் அடுத்த நாளே பேப்பர் கேட்டார்.

அக்காவுக்கு நடந்தது அப்படி இல்லை. வயது 52. தேவனாம்பட்டினம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஒரே நொடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "தலை வெடிக்குதுடி, இப்படி எனக்கு வந்ததே இல்லை" என்றாள். உடனே வாந்தி. கழுத்தைக் குனிய முடியவில்லை, டியூப் லைட்டைப் பார்க்க முடியவில்லை. முதலில் காட்டிய கிளினிக்கில் மைக்ரேன் என்று சொல்லி ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். வலி இறங்காததால் நாங்களாகவே ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப் போனோம். இங்கே அந்த ஸ்கேன் சென்டரைப் பாராட்டியாக வேண்டும். படம் எடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே ரேடியாலஜி டாக்டர் வெளியே வந்து ஃபிலிமைக் காட்டினார். மூளையின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. அது ரத்தமாம். "ரிப்போர்ட் டைப் ஆகிற வரை நிற்காதீங்க, ஸ்கேன் படம் இருக்கிற சிடியை எடுத்துக்கிட்டு உடனே கிளம்புங்க" என்றார். இந்த வகைக் கசிவு, தலைவலி ஆரம்பித்த முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் அநேகமாகத் தப்பாது. நாளாக ஆக மங்கிவிடும், அப்போது முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடலூரிலிருந்து புதுச்சேரி 22 கிலோமீட்டர் சொச்சம். தென்பெண்ணைப் பாலம், ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம் வரை ஆம்புலன்ஸ் பறந்தது. அரியாங்குப்பத்தில் மாட்டிக்கொண்டது. அதைப் பற்றி எழுதினால் அதுவே தனி ரெவ்யூ ஆகிவிடும்.

எமர்ஜென்சியில் டெபாசிட் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. சிடியைப் போட்டுப் பார்த்தார்கள், மேல் பிரஷரை 160க்குள் இறக்கினார்கள், அன்று ராத்திரியே சி.டி. ஆஞ்சியோ எடுத்தார்கள். மூளையின் முன்பக்கத்துக்குப் போகும் இரண்டு தமனிகளை இணைக்கும் குட்டிக் குழாயில், சுவர் ஒரு பக்கமாக உப்பி வெடித்திருந்தது. இந்த உப்பலைத்தான் அனியூரிசம் என்கிறார்கள். அது அதிகம் வருகிற இடங்களில் அந்தக் குழாயும் ஒன்று. ஒருமுறை வெடித்தது மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பெரிய டாக்டர் இல்லை, ராத்திரி டியூட்டியில் இருந்த சின்ன வயசு டாக்டர் பெண். என் பையில் எப்போதும் ஏ4 தாள் இருக்கும், தொழில் அப்படி. அதில் ஒன்றை வாங்கிப் படம் போட்டுக் காட்டினார். மண்டையைத் திறந்து உப்பலின் கழுத்தில் கிளிப் போடலாம், அது 1937இலிருந்து நடக்கிறது. இல்லாவிட்டால் தொடையிலோ மணிக்கட்டிலோ இருந்து மெல்லிய குழாயை மேலே ஏற்றி, உப்பலுக்குள் பிளாட்டினம் கம்பிச் சுருள் வைத்து அடைக்கலாம். சுருள் முறை 1990களில் வந்தது. இரண்டுக்கும் தோதான நோயாளிகளில், சுருள் வைத்தவர்களில்தான் ஒரு வருஷம் கழித்து இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்து இருந்தவர்களும் குறைவு என்று 2002இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியதாம். ஆனால் கிளிப் அளவுக்கு அது நிலைக்கும் என்று சொல்ல முடியாது, திரும்பத் திரும்ப ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மறுநாள் காலையில் சுருள் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மருத்துவமனை கொடுத்த அத்தனை காகிதத்திலும் உருப்படியானது அது ஒன்றுதான்.

ஐசியூ வாசல் ஹாலில் நாற்காலி இரும்பு, கொசு ஏராளம், பார்க்கிங் என்ற பேச்சே கிடையாது. கேன்டீன் பரவாயில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம். பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்தவன். எழுந்து டீ குடித்தானாம், நன்றாகப் பேசினானாம், அப்புறம் மயங்கினான். பொட்டு எலும்புக்கு உள்பக்கம் ஓடும் தமனி கிழிந்து, எலும்புக்கும் உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருந்தது. நேரத்தோடு எடுத்துவிட்டதால் எங்களுக்கு முன்னாலேயே நடந்து வீட்டுக்குப் போனான். எதிர் நாற்காலி அம்மாவின் கணவர் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டவர். அவருக்கு மூளைக்குள்ளேயே கசிவு, ஒரு பக்கம் கை கால் வரவில்லை. ஆபரேஷன் தேவையில்லை, பிரஷரை இறக்கிவிட்டுப் பார்க்கலாம் என்றார்கள். அந்த அம்மாவுக்கோ, எங்களுக்கெல்லாம் செய்கிறார்கள், தன் வீட்டுக்காரரை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று மனத்தாங்கல். ஏன் வேண்டாம் என்று யாராவது ஒருவர் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

என்னுடைய பெரிய குறையும் அதுதான். சுருள் வைத்து முடிந்ததும் 'ப்ரொசீஜர் சக்சஸ்' என்று ஒரே வரி சொன்னார்கள். ஊருக்கெல்லாம் போன் போட்டாகிவிட்டது, பாடலீஸ்வரர் கோயிலுக்கு வேண்டுதலும் செலுத்தியாகிவிட்டது. ஒரு வாரம் போல ஆனபோது அக்கா தூங்கி வழிந்தாள், கேட்ட கேள்விக்கு மெதுவாகப் பதில் வந்தது. முதலில் கவனித்தது சிஸ்டர். உடனே டாக்டரைக் கூப்பிட்டார். மூளையின் மேல் உறைக்கு அடுத்த மெல்லிய உறைக்கு அடியில் சிதறிய ரத்தம் பக்கத்துத் தமனிகளைச் சுருங்க வைக்குமாம். நாலாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை அந்த ஆபத்துக் காலம். அந்த நேரத்தில் பிரஷரை இறக்குவதற்குப் பதில் ஏற்றி வைத்தார்கள். முதல் நாள் இறக்கியவர்கள் இப்போது ஏற்றுகிறார்களே என்று எங்களுக்குத் தலை சுற்றியது. உப்பலை அடைத்தாகிவிட்டது, இனி சுருங்கிய குழாய்கள் வழியாக ரத்தத்தைத் தள்ள வேண்டும் என்று அதே டியூட்டி டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் தெளிந்தது. இதை முதல் நாளே எல்லா வீட்டாருக்கும் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

சிஸ்டர்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நிமோடிபின் என்ற மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, 21 நாள். நடுராத்திரி டோஸையும் தவறவிட மாட்டார்கள். எழுப்பி, பெயர் கேட்டு, கையை அழுத்தச் சொல்லி, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அக்கா திட்டுவாள். அவர்கள் சிரிப்பார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று காலையில் கிளம்பலாம் என்றார்கள், பில் கைக்கு வரும்போது தெருவிளக்கு எரிந்தது. சுருள் ஒவ்வொன்றுக்கும் தனி விலை, உள்ளே போய்ப் பார்த்தால்தான் எத்தனை தேவை என்று தெரியும். அதனால் எஸ்டிமேட்டை மீறியதை நான் குறை சொல்லவில்லை. சம்மரியைத்தான் குறை சொல்கிறேன். 21 நாள் மாத்திரையில் மிச்சம் எத்தனை நாள் என்று அதில் ஒரு வரி இல்லை. நான் திரும்பக் கொடுத்துத் தேதி எழுதி வாங்கினேன். கடலூரில் கேட்ட மருந்துக்கடைகளில் அந்த மாத்திரை இல்லை. மீதி நாளுக்கு உள்ளதை மருத்துவமனை மருந்தகத்திலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

எனக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன், கூடப் பிறந்தவள் ஆயிற்றே. பெரியவர்களில் சுமார் நூற்றுக்கு மூன்று பேர் வெடிக்காத உப்பலைத் தெரியாமலே தலையில் வைத்திருக்கிறார்கள், பெரும்பாலானவை கடைசி வரை வெடிப்பதில்லை என்றார். பெற்றோர், உடன்பிறப்பு, பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இருந்தால் பார்ப்பார்களாம். ஒருவருக்கு மட்டும் என்றால் பொதுவாக வேண்டாம், பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். தேவையில்லாத ஸ்கேனை வேண்டாம் என்று சொல்கிற தனியார் மருத்துவமனை என்பதற்காகவே அரை மதிப்பெண் கூடப் போடத் தோன்றியது.

இவ்வளவு செலவு தாங்காதவர்கள் கோரிமேட்டு ஜிப்மரை மறக்க வேண்டாம், அங்கேயும் நரம்பு அறுவைத் துறை இருக்கிறது. அக்கா இப்போது சமைக்கிறாள், மறதி கொஞ்சம் இருக்கிறது, சாயங்காலமானால் சீக்கிரம் களைத்துவிடுகிறாள். ஆறு மாதம் கழித்து ஆஞ்சியோவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் அந்த பில் கவுண்டரைச் சரி செய்திருந்தால் மதிப்பெண்ணை ஏற்றிவிடுகிறேன்.