‘டிஸ்ட்ராக்‌ஷன்’ பதிவில் ஓர் அகராதிச் செயலி

மொழிபெயர்ப்புப் பணிக்காக ஓர் ஆங்கில-தமிழ் அகராதிச் செயலியை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பல பொருள் தரும் ஏதேனும் ஒரு சொல்லின் பதிவை முழுவதுமாகப் படித்துப் பார்த்தே எந்த அகராதியையும் எடைபோடுவது என் வழக்கம். இம்முறை எடுத்துக்கொண்ட சொல் ‘டிஸ்ட்ராக்‌ஷன்’.

சொற்பிறப்புப் பகுதி மிகவும் நன்று. ‘விலகி’ என்னும் பொருளுள்ள ‘டிஸ்’, ‘இழு’ என்னும் பொருளுள்ள ‘டிராஹெரே’ ஆகிய இலத்தீன் கூறுகள் சேர்ந்து இச்சொல் பிறந்ததையும், ‘டிராக்டர்’ இதற்கு உறவுச்சொல் என்பதையும் இரண்டே வரிகளில் சொல்லிவிடுகிறார்கள். இழுத்துப் பிரித்தல் என்ற மூலப்பொருள் மனத்தில் பதிந்துவிட்டால், கவனம் கலைவதற்கும், அலைக்கழிக்கப்பட்ட மனம் பித்துநிலையை எட்டுவதற்கும் ஒரே சொல் வழங்குவது ஏன் என்பது விளங்கிவிடுகிறது. வெட்டிய எலும்பின் இரு முனைகளையும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விலக்கி, அந்த இடைவெளியில் புதிய எலும்பை வளரச்செய்யும் சிகிச்சைக்கும் இதே பெயர்தான். சோவியத் மருத்துவர் இலிசாரோவின் பெயரோடு இணைந்த அந்த மருத்துவப் பொருளையும் விடாமல் சேர்த்திருப்பது தொகுப்பாளர்களின் உழைப்பைக் காட்டுகிறது.

தமிழ்ப் பொருள் தரும் இடத்தில்தான் பதிவு தடுமாறுகிறது. கவனச்சிதறல், கவனச்சிதைவு, கவனம் திசைதிரும்பல் என மூன்று தொடர்கள் உள்ளன. மூன்றும் ஏறக்குறைய ஒரே பொருளுடையவை, மூன்றிலும் குறைகூறும் தொனியே ஒலிக்கிறது. மனச்சுமையைச் சற்றே மறக்கச்செய்யும் பொழுதுபோக்கையும் ஆங்கிலத்தில் இச்சொல் குறிக்கும். பிரெஞ்சு மொழியிலோ அது அன்றாடப் பொருள். அந்தப் பொருளில் வந்த ஒரு வாக்கியத்திற்கு இச்செயலி ‘வரவேற்கத்தக்க கவனச்சிதறல்’ என்று எடுத்துக்காட்டுத் தருவதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தம் ஏற்பட்டது.

ஏனெனில், ‘பராக்கு’ என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. பாடத்தைக் கவனிக்காத மாணவன் பராக்குப் பார்க்கிறான். ஊசிக்கு அஞ்சி அழும் குழந்தைக்கு நாம் பராக்குக் காட்டுகிறோம். கவனம் தவறுதல், கவனத்தை அன்போடு வேறுபக்கம் திருப்புதல் ஆகிய இரண்டையும் அச்சொல் இயல்பாகத் தாங்குகிறது. (அரசவையில் ‘பராக்! பராக்!’ என்று கட்டியக்காரர் கூவியது, இதற்கு நேர்மாறாக, அனைவரும் கவனிக்க வேண்டும் என்பதற்காக.) சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலேயே இடம்பெற்ற இச்சொல், இந்தச் செயலியின் பதிவில் ஓரிடத்திலும் இல்லை.

சொல்லின் வேரையும் துறைசார் பொருளையும் அறிய விரும்புவோருக்கு இச்செயலியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். மொழிபெயர்ப்பாளர்கள் மட்டும் பேரகராதியையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது. பராக்கைச் சேர்க்கும்படி செயலியின் கருத்துப் பெட்டியில் எழுதியிருக்கிறேன்.