சிப்பிப்பாறையும் 10 மீட்டர் நாடாவும்: 16 மாத அனுபவம்

செவலைக்கு இப்போது 22 மாதம். சிப்பிப்பாறை இனப் பெட்டை நாய். ஆறாவது மாதத்தில் ஆரம்பித்து இன்றுவரை ஒரு நீளக் கயிறும் ஒரு விசிலும் வைத்து, கூப்பிட்டால் வருவதற்கு அவளைப் பழக்கி வருகிறேன். கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டில் இருக்கிறோம். நாயை அவிழ்த்துவிட இடத்துக்குப் பஞ்சமில்லை. அதே இடத்தில்தான் முயலும் மயிலும் ஆட்டுக்கிடையும், சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகளும் இருக்கின்றன.

சிப்பிப்பாறை மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் இனம். தூரத்தில் ஒன்று அசைந்தால் போதும், யோசிக்காமல் ஓடும். அந்த ஓட்டத்துக்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயலையோ மயிலையோ வேட்டையாடுவது குற்றம். அதனால் செவலை எதையாவது பிடித்துவிடக் கூடாது என்ற பயமும் எனக்கு உண்டு. "இந்த சாதி நாய கட்டிப் போட்டுத்தான் வளக்கணும்" என்று பலர் சொன்னார்கள். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் சிப்பிப்பாறையைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

முதலில் கயிறு. வீட்டில் கிடந்த பருத்திக் கயிற்றில்தான் தொடங்கினேன். அது கார்த்திகை மாதம். ஒரு மழைக்கே கரிசல் மண் அப்பி, கயிறு இரண்டு மடங்கு கனமாகிவிட்டது. கண்ட முள்ளும் புல்லும் அதில் ஒட்டின. இரண்டு வாரத்தில் நைலான் கயிறுக்கு மாறினேன். அது ஒருநாள் உள்ளங்கையை அறுத்துவிட்டது. மூன்றாவதாக வாங்கியது ரப்பர் மாதிரி பூச்சு போட்ட 10 மீட்டர் நாடா. விலை அதிகம்தான், ஆனால் தண்ணீர் குடிக்காது, சேறு துடைத்தால் போய்விடும், வேலிக்கருவையில் மாட்டினாலும் உருவி எடுக்கலாம். இதைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். நுனியில் கைப்பிடி வளையம் இருந்தது. தரையில் இழுபடும்போது அது வேரில் சிக்கியதால் வெட்டி எடுத்துவிட்டேன். நாடாவை ஒருபோதும் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். நாய் பாய்ந்தால் விரல் போய்விடும்.

நாடாவைக் கழுத்துப் பட்டையில் மாட்டவே கூடாது. 10 மீட்டர் ஓடி வேகம் பிடித்த நாய் நுனியில் வந்து வெட்டி நின்றால் அத்தனை விசையும் கழுத்தில் விழும். சிப்பிப்பாறைக்கு நீண்ட, மெல்லிய கழுத்து. தலையும் குறுகல் என்பதால் சாதாரணப் பட்டை உருவிக்கொண்டும் வந்துவிடும். நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸின் முதுகு வளையத்தில்தான் மாட்டுகிறேன். தானாகச் சுருண்டுகொள்ளும் லீஷையும் ஒரு மாதம் பார்த்தேன். அது எப்போதும் இழுத்துக்கொண்டே இருப்பதால், தான் கட்டப்பட்டிருப்பது நாய்க்கு மறப்பதே இல்லை. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. கயிறு தளர்ந்து கிடக்க வேண்டும், அவள் அதை மறந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் கூப்பிட வேண்டும்.

கூப்பிடும் சொல்லை யோசித்துத்தான் எடுத்தேன். "வா" என்பதை வீட்டில் நாள் முழுக்க யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவள் காதில் அது தேய்ந்துபோன சொல். "ஓடியா" என்பதை அவளுக்கென்றே ஒதுக்கினேன். கூடவே விசில், மூன்று குட்டை ஊதல். முதல் இரண்டு வாரம் வேறு எந்தப் பயிற்சியும் இல்லை. விசில் ஊதுவேன், உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல். ஒரு துண்டு கொண்டைக்கடலை அளவு இருந்தால் போதும். அப்புறம் வீட்டுக்குள், பிறகு மாடியில், பிறகு களத்தில் நாடாவோடு.

விசிலை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். என் குரலில் கோபம், பயம், அவசரம் எல்லாம் ஏறிவிடும். விசிலில் ஏறாது. நான் ஊதினாலும் அப்பா ஊதினாலும் தங்கச்சி ஊதினாலும் ஒரே ஓசைதான். ஆடிக்காற்றில் நான் கத்துவது 50 அடிக்கே கேட்காது, விசில் கேட்கும். நான் வைத்திருப்பது ஆக்மி 211.5. தொலைந்தாலும் அதே எண்ணில் வாங்கினால் அதே சுருதியில் கிடைக்கும்.

இனி, போன மாசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். செவலைக்கு ஒன்பது மாதம். மூன்று மாதமாக நாடாவில் ஒருமுறைகூடத் தவறாமல் வந்துகொண்டிருந்தாள். மக்காச்சோளம் அறுத்து காடு வெறுமையாகக் கிடந்தது. பழகிவிட்டாள் என்று நம்பி நாடாவை அவிழ்த்தேன். பத்து நிமிடம் அழகாக விளையாடினாள். அப்புறம் தட்டைக் குவியலுக்குள் இருந்து ஒரு முயல் கிளம்பியது. நான் விசில் ஊதினேன், கத்தினேன், பின்னாலேயே ஓடினேன். இரண்டு வரப்பு தாண்டியதும் அவள் கண்ணில் இருந்தே மறைந்துவிட்டாள். அந்தப் பக்கம் இரண்டு கிணறு இருந்தது எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தபோது கால் நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை.

அப்பா வந்து சேர்ந்ததும், அவளை அவிழ்த்துவிட்ட இடத்துக்கே திரும்பிப்போய் என் சட்டையைக் கழற்றித் தரையில் போட்டு உட்கார்ந்தேன். ஓடிப்போன நாய் பல நேரம் கிளம்பிய இடத்தைத் தேடித்தான் வரும். 40 நிமிடம் கழித்து, நாக்கு தொங்க, முன்னங்கால் நொண்டியபடி வந்தாள். அப்பா கையில் குச்சி. "வரட்டும், இன்னைக்கு ரெண்டு போட்டாத்தான் புத்தி வரும்." "வேண்டாம்ப்பா, தொடாதீங்க" என்று கெஞ்சினேன். அந்த அடியை அவள் முயலோடு சேர்க்க மாட்டாள், திரும்பி வந்ததோடுதான் சேர்ப்பாள். பையில் இருந்த ஈரல் முழுவதையும் அவளுக்குக் கொடுத்தேன். அப்பாவுக்கு அன்று கோபம். ஒரு வாரம் கழித்து அவரே விசிலை வாங்கி ஊதிப் பார்த்தார்.

தப்பு எங்கே என்று நிதானமாக யோசித்தேன். ஒன்பது மாதம் என்பது நாய்க்கு விடலைப் பருவம். குட்டியில் கற்றது கொஞ்ச காலம் ஆட்டம் காணும். அதுபோக, நான் பழக்கிய இடம் எல்லாம் அவளை இழுக்கும் எதுவும் இல்லாத இடம். முயலுக்கு முன்னால் என் ஈரல் எந்த மூலைக்கு? மறுநாளே நாடா திரும்ப வந்தது, அடுத்த ஐந்து மாதம் கழற்றவில்லை. இந்த முறை தூரத்தில் ஆடு தெரியும் இடமாகப் பார்த்துப் போனேன். 200 அடியில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் நெருங்கினேன். கிடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். "கயிறு கையில இருக்கட்டும் தம்பி, ஆடு மிரண்டா சினையாடு கலைஞ்சு போகும்" என்றார். அண்ணாச்சி சொன்னது முழுக்க நியாயம். ஆட்டுக்கு அருகில் நான் இன்றும் நாடாவை விடுவதில்லை.

அதைவிடப் பெரிய மாற்றம், வந்ததும் கட்டி வீட்டுக்கு இழுத்துப் போவதை நிறுத்தியது. பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை ஹார்னஸைத் தொட்டு, ஈரல் கொடுத்து, "போ" என்று திரும்ப விட்டுவிடுவேன். கூப்பிட்டால் ஆட்டம் முடிந்தது என்று தோன்றினால் எந்த நாய்தான் வரும்? ஒருமுறைக்கு மேல் ஊதுவதும் இல்லை. வராவிட்டால் நாடாவை மிதித்து நிறுத்திவிட்டு, நான் எதிர்ப்பக்கம் ஓடுவேன். துரத்திப் போனால் அது அவளுக்கு விளையாட்டு, ஓடிப் போனால் அவளே துரத்தி வருவாள்.

நடுவில் ஷாக் காலர், அதாவது ரிமோட்டை அழுத்தினால் கழுத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும் பட்டை, வாங்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். பிரிட்டனின் வேல்ஸில் 2010 முதல் அதற்குத் தடை இருக்கிறது. ஆட்டைப் பார்க்கும் நேரத்தில் கழுத்தில் வலித்தால், பக்கத்தில் நிற்கும் மேய்ப்பவரையும் பிள்ளைகளையும் கண்டு அவள் மிரள ஆரம்பித்தால் என்ன செய்வது?

இப்போது மறுபடி மாசி வந்து காடு வெறுமையாகிவிட்டது. மயில் எழும்பினால், செவலை ஓடத் தொடங்கும் முன் ஊதினால், திரும்பி வருகிறாள். தெருநாய்களைப் பார்த்தாலும் வருகிறாள். முயலின் பின்னால் கால் எடுத்துவிட்டால் மட்டும் இன்னும் வருவதில்லை. இரண்டு வாரம் முன்பு அப்படி ஓடி, ஐந்து நிமிடத்தில் தானே திரும்பினாள். இந்த இனத்தில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். அதனால் இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். ரோட்டுக்கு அருகில் இல்லை, கிணற்றுப் பக்கம் இல்லை, சித்திரையில் கண்மாய் வெடிப்பு விட்ட பிறகு அங்கும் இல்லை, கால் மாட்டி முறிந்துவிடும். மாமாவின் கம்பிவேலி போட்ட மாந்தோப்பில் மட்டும் விடிகாலை முழு விடுதலை.

நாடாவில் ஹார்னஸ் கொக்கிக்குப் பக்கத்துத் தையல் லேசாகப் பிரிய ஆரம்பித்திருக்கிறது. அதே வகையில், இந்த முறை 15 மீட்டரில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.