ஆங்கிலத்தில் பணிவாகப் பேச: செயலியா, வானொலியா, வகுப்பா, மன்றமா, தாத்தாவா?

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு மலாய்வழி இடைநிலைப்பள்ளி என்று படித்து வரும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் ஓரளவு வந்துவிடுகிறது. கோலாலம்பூரில் ஹோட்டல் வரவேற்பிலோ வங்கி முகப்பிலோ வேலைக்குப் போகும்போதுதான் இடறுகிறது. தமிழில் 'கொடுங்கள்' என்றாலே மரியாதை வினையோடு சேர்ந்து வந்துவிடும். ஆங்கில வினைக்கு அப்படியொரு விகுதி கிடையாது. மனம் நிறையப் பணிவை வைத்துக்கொண்டு 'கிவ் மீ தி ஃபார்ம்' என்று கேட்கும் பெண், எதிரில் இருப்பவர் கண்ணுக்கு அதிகாரம் செய்பவளாகத் தெரிகிறாள். பண்பாக வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த அவப்பெயர் வருவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான், இந்நகரில் கைக்கெட்டும் வழிகளை எடைபோட்டுப் பார்க்கிறேன்.

கைப்பேசிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொல்வளத்துக்கு உதவும். பெரும்பாலான பயிற்சிகள் வாக்கியத்தைச் சரி, தவறு என்று மட்டுமே பிரிக்கின்றன. 'ஐ வான்ட் டு சீ தி மேனேஜர்' இலக்கணப்படி சரிதான், ஆகவே மதிப்பெண் கிடைத்துவிடும். அலுவலகத்தில் எடுபடுவதோ 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் ஐ குட் சீ தி மேனேஜர்' என்பது. இன்றைய தேவையை இறந்தகாலத்தில் சொல்லும்போது கோரிக்கை மென்மையாகிறது. அச்சிட்ட சொற்றொடர்ப் பட்டியல்கள் இதைக் கொடுக்கும், ஆனால் பதில் சொல்லக் கற்றுத்தருவது குறைவு. 'வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?' என்று கேட்டவரிடம் நல்லெண்ணத்தோடு 'யெஸ்' என்றால் காத்திருக்க விருப்பமில்லை என்று பொருளாகிவிடும். அங்கே வேண்டியது 'நாட் அட் ஆல்'.

காதுக்குப் பயிற்சி வேண்டுமானால் பிபிசி. 1943 முதல் ஆங்கிலம் கற்பித்து வருகிறது, இணையத்தில் இலவசம். அதன் 'இங்கிலிஷ் அட் வொர்க்' நாடகத் தொடர் இந்தத் தேவைக்கென்றே அமைந்தது போன்றது. லண்டனில் பிளாஸ்டிக் பழங்கள் விற்கும் நிறுவனத்தில் அன்னா என்ற பெண் வேலைக்குச் சேர்கிறாள். அவளுக்கு வரும் சங்கடம் ஒவ்வொன்றுக்கும் உரிய சொற்றொடர்கள் சொல்லித்தரப்படுகின்றன. ரயிலில் போகும்போது கேட்கலாம், கூடவே முணுமுணுக்கலாம். நீங்கள் தவறாகச் சொன்னால் திருத்த ஆள் இல்லை என்பதுதான் குறை.

கட்டண வகுப்பு அந்தக் குறையைத் தீர்க்கும். 1948 முதல் மலேசியாவில் இயங்கும் பிரிட்டிஷ் கவுன்சில் தொடங்கித் தனியார் நிலையங்கள் வரை தேர்வு நிறைய உண்டு. பணம் கட்டுமுன் உங்கள் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2015–2025 கல்வித் திட்டத்தின்வழி நம் பள்ளிகளும் ஏற்றுக்கொண்ட ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் (ஏ1 தொடக்கநிலை, சி2 உச்சநிலை), ஏ2 நிலையில் இருப்பவரிடம் அன்றாட மரியாதை வணக்கங்களே எதிர்பார்க்கப்படுகின்றன. சூழலுக்கேற்பத் தெளிவாகவும் பணிவாகவும் பேசுவது பி2 நிலைக்குரியது. ஏ2வில் நிற்பவர் இரண்டு நாள் 'பிசினஸ் இங்கிலிஷ்' பட்டறைக்குப் பணம் கட்டுவது வீண். அவருக்கு மாதக்கணக்கில் நடக்கும் வகுப்புத்தான் சரி. வகுப்புத் தோழர்கள் எல்லாரும் சமமானவர்கள் என்பதால், மேலதிகாரியிடம் பேசும்போது வரும் கூச்சம் அங்கே போகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நான் அதிகம் நம்புவது மற்ற இரண்டு வழிகளைத்தான்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் தொடங்கிய பேச்சு மன்றம். கோலாலம்பூரில் வேலை முடிந்த மாலைகளில் பல கிளைகள் கூடுகின்றன. விருந்தினராகப் போய் உட்கார்ந்து பார்க்கலாம். சேர்ந்தால் தலைமையகத்துக்கு ஆறு மாதத்துக்கு 60 அமெரிக்க டாலர் சந்தா, அதோடு கிளைக் கட்டணம் இருந்தால் அதுவும். முன்னறிவிப்பின்றித் தரும் தலைப்பில் ஓரிரு நிமிடம் பேச வேண்டும். 'ஆ', 'ம்' என்று இழுப்பதை எண்ணுவதற்கென்றே ஒருவர் இருப்பார். எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் மதிப்பீட்டாளர் பேசும் இரண்டு மூன்று நிமிடம். உங்கள் பேச்சில் நன்றாக இருந்ததை முதலில் சொல்லி, 'யூ மைட் கன்சிடர்' என்று தொடங்கிக் குறையைக் காயப்படுத்தாமல் எடுத்துரைப்பார். மனம் நோகாமல் மறுத்துப் பேசுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் கண்டதில்லை. சில மாதங்களில் அந்த நாற்காலியில் நீங்களே உட்கார வேண்டியிருக்கும். ஆனால் அங்கே பெரும்பகுதி மேடைப் பேச்சு. உரையாடல் வேண்டுமானால் கூட்டம் முடிந்தவுடன் வீட்டுக்கு ஓடாமல் நின்று பேசுங்கள்.

கடைசி வழி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். 1970இல் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கி ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்க்கு மாறின. அதற்கு முன் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் ரயில்வே எழுத்தராகவும் தாதியாகவும் ஆசிரியராகவும் இருந்து ஓய்வுபெற்ற பலர் இந்தத் தலைமுறையினர். 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹீ இஸ் இன் எ மீட்டிங், மே ஐ டேக் எ மெசேஜ்?' என்பது அவர்களுக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம். தாத்தாவிடம் ஆங்கிலத்தில் பேசினால் மரியாதைக் குறைவோ என்று பேரப்பிள்ளைகள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். 'தாத்தா, பத்து நிமிடம் நீங்கள் மேனேஜர், நான் போன் செய்யும் ஆள்' என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகம் மலர்ந்துவிடும். தொனி கடுமையானால் அங்கேயே நிறுத்தி, திரும்பச் சொல்ல வைப்பார். எந்தச் செயலிக்கும் அந்த உரிமை இல்லை. ஒரே எச்சரிக்கை, 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்', 'யுவர் குட் நேம்' போன்ற பழைய அலுவலக வழக்குகள் இன்று விறைப்பாக ஒலிக்கும். அவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் தாத்தாவும் பிபிசியும் போதும். ஆறு மாதம் இருந்தால் மன்றத்தில் சேருங்கள். அடிப்படையே ஆட்டம் என்றால் முதலில் வகுப்பு. இதற்காக 'முடியும்பா' என்ற பொருளில் வரும் நம் ஊர் 'கேன் லா'வைக் கைவிட வேண்டியதில்லை, நண்பர்களிடம் அது அன்பான பேச்சு. நேர்காணல் செய்பவரே 'நெக்ஸ்ட் வீக் ஸ்டார்ட், கேன் ஆ?' என்று இயல்பாகக் கேட்கக்கூடும். அப்போதும் 'யெஸ், மண்டே வுட் பி ஃபைன், தேங்க் யூ' என்று பதில் சொல்லுங்கள்.