மில்டன் பிரவுனின் 5 சிடி தொகுப்பு: முதல் சிடியில் ஆரம்பிக்காதீர்கள்

வெஸ்டர்ன் ஸ்விங் (அமெரிக்க நாட்டுப்புற இசையோடு ஜாஸ் கலந்த நடன இசை) என்றாலே ஃபிடில், அதாவது வயலின், வாசித்த பாப் வில்ஸில் ஆரம்பித்து அவரோடேயே நின்றுவிடுகிறோம். அவரிடம் குறை ஒன்றுமில்லை. ஆனால் அவரோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்துவிட்டு 1932இல் விலகி, டெக்ஸஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் 'மியூசிக்கல் பிரவுனீஸ்' என்று தனிக் குழு கட்டிய மில்டன் பிரவுனை இன்னும் பலர் கேட்டதில்லை. டெக்ஸஸ் ரோஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட இந்த 5 சிடி தொகுப்பில் அவர் பதிவு செய்தது அத்தனையும் இருக்கிறது.

நேராக 1935 ஜனவரி, சிகாகோவில் டெக்கா இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பதிவு செய்தவற்றுக்குப் போய்விடுங்கள். பாப் டன் இந்தக் குழுவோடு முதலில் பதிவு செய்தது அப்போதுதான். டிராம்போன் வாசித்த ஆள், ஸ்டீல் கிட்டாருக்கு (தந்திகள்மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும், ஹவாய் இசையிலிருந்து வந்த கிட்டார்) மின்சாரம் கொடுத்து அதே டிராம்போன் பாணியில் வெட்டி வெட்டி ஊதுகிற மாதிரி வாசிக்கிறார். ஹவாய் இழுவை, குழைவு எதுவும் கிடையாது. 'டேக்கிங் ஆஃப்' ஒன்று போதும், 1935இல் இப்படி ஒரு சத்தமா என்று தோன்றும். குழுவில் டிரம்ஸே இல்லை என்பதைக் கவனிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது; ஓசி ஸ்டாக்கார்டின் பாஞ்சோவும் மில்டனின் தம்பி டெர்வுட்டின் கிட்டாரும் தாளத்தைப் பார்த்துக்கொள்கின்றன, அதன்மேல் சீசில் பிரவரின் ஃபிடிலும் ஃப்ரெட் கால்ஹூனின் பியானோவும் ஜாஸ்காரர்கள் போலச் சுதந்திரமாகத் திரிகின்றன. மில்டன் குரலை உயர்த்துவதே இல்லை, நடன அரங்கில் பாடிப் பழகிய மனிதரின் சாவகாசம்.

குறைகள்? கால வரிசையில் அடுக்கியிருப்பது ஆராய்ச்சிக்கு நல்லது, கேட்பதற்கு அல்ல. 1934 பதிவுகளில் பாப் டன் இல்லாத வெறுமை தெரிகிறது. 1936 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸில் பதிவு செய்தவை ஏராளம், சில அவசரமாகப் பாடியது போலவே இருக்கின்றன, மொத்தமாகக் கேட்டால் அலுக்கும். அடுத்த மாதமே கார் விபத்தில் சிக்கி மில்டன் இறந்துவிட்டார், அதனால் அவர் பாடியது இதற்கு மேல் இல்லை. 1937இல் டெர்வுட் குழுவை நடத்திப் பதிவு செய்ததும் இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் குரல் இல்லையே.

பழைய 78 ஆர்பிஎம் தட்டுகளின் இரைச்சல் ஆகாதென்றால் இது உங்களுக்கு வேண்டாம். மற்றவர்கள் வாங்கலாம். அப்புறம், நியூ ஆர்லியன்ஸ் பதிவுகளில் இரண்டாவது ஃபிடில் வாசித்த கிளிஃப் புரூனர் பிறகு டெக்ஸஸ் வாண்டரர்ஸ் குழுவோடு, மூன் மல்லிகனைப் பியானோவில் வைத்துக்கொண்டு செய்தவற்றையும் தேடுங்கள், அவரையும் யாரும் கண்டுகொள்வதில்லை.