டர்போ வண்டியின் சைலன்சர்: ராப் சுற்றுவதா, செராமிக் பூசுவதா, சும்மா விடுவதா

"சைலன்சரை மாத்திட்டு ராப் சுத்திட்டா பிக்கப் ஏறுங்களா மாமா?" அக்கா மகன் பழைய போலோ 1.0 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் கேள்வி. என்னிடமும் அதே வண்டிதான், மூன்று வருடமாக அடியில் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கே சுத்தறேங்கறதைப் பொறுத்து கண்ணு, என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் பிழைப்பு திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் பாய்லர் பக்கம். ஸ்டீம் லைனுக்குப் பஞ்சு சுற்றி மேலே அலுமினியத் தகடு போடுவதை லேக்கிங் என்போம். தகட்டில் எங்காவது இடுக்கு விட்டு மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் வெளியே பளபளவென்று இருக்கும், பிரித்துப் பார்த்தால் குழாய் அப்பளம் மாதிரி உதிரும். கார் சைலன்சர் குழாய்க்குச் சுற்றும் ராப் என்கிற சூடு தாங்கும் நார்ப்பட்டையும் ஒரு லேக்கிங்தான், ஆனால் மேலே தகடு இல்லாத லேக்கிங். அதனால் எனக்கு ராப்பைவிட அதற்கு அடியில் என்ன இரும்பு இருக்கிறது என்பதுதான் முதல் கவலை.

முதலில் எதை மாற்றுவது என்பதைப் பார்த்துவிடுவோம். இன்ஜின் புகையால் சுழன்று உள்ளே கூடுதல் காற்றைத் தள்ளுவதுதான் டர்போ. அதன் சக்கரத்தைச் சுற்றவைப்பது அதற்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம். டர்போவுக்கு ஒட்டினாற்போல் வரும் டவுன்பைப்பில் அடைப்பு குறைந்தால் சக்கரம் சீக்கிரம் வேகம் எடுக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டுக்கு (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) பின்னால், நடு மஃப்ளரிலிருந்து பின் பம்பர் வரை மாற்றும் கேட்-பேக் செட்டில் இந்தப் பலன் கொஞ்சம்தான், அங்கே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் சத்தம். சத்தம் பிடித்தால் தாராளமாக வாங்குங்கள், பிக்கப் என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். டவுன்பைப்பும் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) இல்லாமல் தனியாகப் பெரிதாக எதுவும் செய்துவிடாது.

இந்த இன்ஜினில் டர்போவை ஒட்டியே கேட் வந்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டு வெறும் குழாய் போடச் சொல்பவர்கள் உண்டு. எடுத்தால் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும், பி0420 என்று கோடு வரும், புகைச் சான்று வாங்கும் இடத்தில் திண்டாட வேண்டும். காற்று, ஒலி மாசு அளவை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, இரண்டுமேகூட உண்டு. கம்பெனி மாட்டித் தரும் கேட்டில் சதுர அங்குலத்துக்கு வழக்கமாக 400 அல்லது 600 புகை நுழையும் சின்ன அறைகள் இருக்கும், 200 அறை ஹை-ஃப்ளோ கேட் வைத்த டவுன்பைப் போட்டால் காற்றும் ஓடும், மூக்கும் எரியாது. அதுவும் கம்பெனி அமைப்பிலிருந்து விலகல்தான், ஆர்டிஓ கேட்டால் நம் பக்கம் பதில் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

சரி, இரும்பு. கம்பெனி சைலன்சர்களில் அதிகம் வருவது 409 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: சுமார் 11 சதவீதம் குரோமியம், நிக்கல் கிட்டத்தட்ட இல்லை, காந்தம் ஒட்டும், மேலே பழுப்பாகத் துரு படரும், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். 304இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், காந்தம் ஒட்டாது. கோயம்புத்தூரில் ஆர்கான் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம், கணபதியிலிருந்து சிங்காநல்லூர் வரை எங்கே போனாலும் குழாய் வளைத்துத் தருவார்கள். ஆனால் 304 என்று சொல்லி வீட்டு வாசல் கதவுக்கும் கைப்பிடிக்கும் போடும் 202 கிரேடை மாட்டிவிட்டால் உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அதிலும் காந்தம் ஒட்டாது. எனக்கு முதல் செட் அப்படித்தான் வந்தது, எந்தப் பட்டறை என்று கேட்காதீர்கள். ஒரே ஐப்பசி மழையில் வெல்டிங் ஓரமெல்லாம் தேன் நிறத்தில் வழிய ஆரம்பித்தது. இப்போதெல்லாம் குழாயை நானே பில்லோடு வாங்கிக்கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இன்னொன்று, 304 சூட்டில் 409ஐவிட ஒன்றரை மடங்கு நீளும், அதனால் நடுவில் ஃப்ளெக்ஸ் (வளைந்து கொடுக்கும் துண்டு) இல்லாமல் போட்டால் வெல்டிங்தான் விரிசல் விடும்.

இனி ராப். ஓட்டும்போது குழாய் வாங்கிய சூட்டைச் சுற்றிலும் விட்டுத் தன்னைக் கொஞ்சம் ஆற்றிக்கொள்கிறது. ராப் சுற்றினால் அந்த வழி அடைபடும், பானட்டுக்குள் வரும் சூடு நிஜமாகவே குறையும், ஆனால் குழாயின் சூடு உள்ளே போகும் புகையின் சூட்டை நெருங்கிவிடும். பெட்ரோல் டர்போவில் முழு மிதியில் டர்போவுக்கு முன் புகை 900 டிகிரியைத் தாண்டும். 304 கிரேடு 425இலிருந்து 860 டிகிரி வரையான இடைவெளியில் நெடுநேரம் கிடந்தால் வெல்டிங் பக்கத்துக் குரோமியம் கார்பனோடு சேர்ந்து ஒதுங்கிவிடும், அப்புறம் அந்த இடம் சாதாரண இரும்பு போலத் துருப்பிடிக்கும். இதற்காகவே டைட்டானியம் கலந்த 321 கிரேடு உண்டு, ராப்தான் என்று முடிவானால் அந்தக் கிரேடு கிடைக்குமா என்று தேடுங்கள்.

பிக்கப் கேள்விக்கு வருகிறேன். டர்போவுக்கு முன்னால் சூட்டைக் காப்பாற்றினால் சக்கரத்துக்குப் போகும் சக்தி கூடும், அது உண்மை. ஆனால் இந்த 1.0 டிஎஸ்ஐயில் சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்து, தண்ணீர் சுற்றும்படி செய்திருக்கிறார்கள், சுற்றுவதற்கு வெளியே குழாயே கிடையாது. டவுன்பைப்பில் சுற்றுவது டர்போவைத் தாண்டிப் போன சூட்டை. அதில் பிக்கப் தேடுவது தறி நின்ற பிறகு நூல் கோர்ப்பது மாதிரி. மேனிஃபோல்டு வெளியே இருக்கும் வண்டிக்காரர்களுக்கு வேறு கணக்கு, ஆனால் அது வார்ப்பிரும்பாக இருந்தால் சுற்றியபின் விரிசல் விடும் அபாயம் உண்டு.

வெள்ளைக் கண்ணாடி நார் ராப் 15 மீட்டர் ரோல் இரண்டாயிரத்துக்குள் வரும், சுமார் 540 டிகிரி தொடர்ந்து தாங்கும். டர்போ பக்கத்துக்கு அது போதாது, கறுகிப் பொடியாகும். எரிமலைப் பாறை நாரில் செய்தது அதைவிட மேல், அட்டையில் போட்டிருக்கும் பெரிய எண்ணை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், அது கொஞ்ச நேரம் தாங்கும் சூடு. இரண்டரை அங்குலக் குழாயில் 2 அங்குல ராப்பைக் கால் அங்குலம் மேலேற்றிச் சுற்றினால் குழாய் ஒரு அடிக்கு ராப் நாலரை அடி தின்னும், ஆக ஒரு ரோல் 11 அடிக்கு வரும். நனைத்துச் சுற்றினால் இறுகும், கையுறை இல்லாவிட்டால் இரண்டு நாள் அரிப்பு. முடிகிற இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டை போட்டு இறுக்குங்கள். முதல் ஓட்டத்தில் புகை வரும், பயப்பட வேண்டாம். கேட் டப்பாவைச் சுற்றாதீர்கள், உள்ளே நடக்கும் வினையே சூடு கிளப்பும். ஆக்சிஜன் சென்சாரின் உடம்பையும் வயரையும் மூடாதீர்கள். பழைய லாரிப் பட்டறையில் யாராவது ஆஸ்பெஸ்டாஸ் கயிறு எடுத்து நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள், அது நுரையீரலுக்கு எமன்.

ராப்பின் பெரிய எதிரி தண்ணீர். கோயம்புத்தூரில் தண்ணீர் தேங்கும் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் ஒரு மழைநாள் போய்வந்தால் போதும், ராப் ஸ்பாஞ்சு மாதிரி குடித்திருக்கும். மழைத்தண்ணீராவது பரவாயில்லை. சிறுவாணித் தண்ணீரில் கழுவுகிற கொடுப்பினை எல்லோருக்கும் இல்லை, நம்மில் பாதிப்பேர் உப்பு போர் தண்ணீரில்தான் அடியில் பீய்ச்சுகிறோம். தண்ணீர் ஆவியாகும், குளோரைடு ராப்புக்குள்ளேயே தங்கும், சூடும் சேர்ந்தால் 304இலேயே மயிரிழை விரிசல் விழும். பாய்லர் அறையில் இதைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். எண்ணெய் கசியும் இன்ஜினாக இருந்தால் இன்னும் மோசம், எண்ணெய் குடித்த ராப் விளக்குத் திரிக்குச் சமம்.

செராமிக் பூச்சு சூட்டைத் தடுப்பதில் ராப்புக்கு ஈடாகாது, விலையும் பல மடங்கு. ஆனால் தண்ணீரைப் பிடித்து வைக்காது, உள்ளேயும் பூசலாம், பத்து வருடம் வண்டியை வைத்திருப்பவருக்கு இதுதான் நிம்மதி. மணல் அடித்துச் சுத்தம் செய்து, பூசி, அடுப்பில் வேகவைத்துத் தர வேண்டும். அரை மணியில் பிரஷ்ஷால் பூசித் தந்தால் அது வெள்ளிப் பெயிண்ட். பளபளக்கும் வெள்ளி நிறப் பூச்சு 700 டிகிரி வாக்கில் நின்றுவிடும், டவுன்பைப்புக்கு மங்கலான கறுப்பைக் கேளுங்கள்.

டர்போவின் மேல் போர்த்தும் டர்போ பிளாங்கெட், செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் வண்டியை விரட்டுகிறவர்களுக்கு நல்ல பொருள். நமக்கு வேண்டுமா என்றால், திம்பம் 27 கொண்டை ஊசி ஏறி ஆசனூரில் நிறுத்தி பானட்டைத் தூக்கும்போது முகத்தில் அறையும் அனல் குறையும், அவ்வளவுதான். இந்த இன்ஜினில் வேஸ்ட்கேட்டை (டர்போவுக்கு அதிகப்படியான புகையைத் திருப்பிவிடும் கதவை) இயக்குவது ஒரு மின் மோட்டார், பிளாங்கெட் அதன்மேல் படாமல் கட்டத் தெரிந்தவர் கையில் மட்டும் கொடுங்கள்.

சூடு மறைக்கும் தகடு மலிவு, எனக்குப் பிடித்ததும் அதுதான். குழாயிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டு மெல்லிய தகடு, நடுவில் காற்று, தண்ணீர் தங்க இடமே இல்லை. கம்பெனிக்காரன் போட்டிருப்பதும் இதைத்தான், பட்டறையில் கழற்றினால் திருப்பி மாட்டினார்களா என்று பாருங்கள். பாதிப்பேர் மாட்டுவதில்லை.

என் வண்டியில் இப்போது டவுன்பைப் 304, மேலே கறுப்பு செராமிக், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) பக்கம் தகடு, பின்னால் கம்பெனி சைலன்சரே. ராப் ஒரே ஒரு முழம், ஸ்டியரிங் ரேக்குக்குப் பக்கத்தில் தகடு நுழையாத இடத்தில். புரட்டாசி கடைசியில் மழைக்கு முன்னால் அதை அவிழ்த்து, வெல்டிங்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்ப்பேன். அக்கா மகனுக்கு சத்தம் வேண்டுமாம், கேட்-பேக் ஆர்டர் போட்டுவிட்டான்.